கொடிக்கு உள்ளே குழிகள்

ஜூலை 6, சனி

இன்றும் குழிகள்.

நேற்றே பார்த்தேன், ஏதோ என்று விட்டுவிட்டேன். இன்று கடல் நன்றாக வற்றிப் பவளப் பார் வரைக்கும் மணல் தெரிந்தது. எல்லைக்காக நட்ட வடக்குக் கொடிக்கு உள்ளே, அடைத்த இடத்தில், எங்கே பார்த்தாலும் குழி. ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். தோண்டிய மணல் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது. யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து தோண்டியிருக்கிறார்கள். மட்டிச் சிப்பிக்கா? தூண்டில் புழுவுக்கா? இத்தனை குழியா?

மூன்று மாதம் அந்தக் கொடிகளுக்குள் யாரும் கை வைக்கக்கூடாது என்பது ஊர் மீனவர் குழுவின் சட்டம். எட்டுக்கால் பேய்க்கணவாய் பெருக்கட்டும், பெருத்த பிறகு ஊரே ஒன்றாக இறங்கிப் பிடிக்கலாம், அதுவரை ஒரு சிப்பி எடுத்தாலும் குற்றம். அதைக் காக்க ஒரு காவல்காரன். அவன் நான்.

எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? டவுனில் வேன் கதவில் தொங்கிக்கொண்டு "உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க" என்று கத்திப் பிழைத்த கண்டக்டர். முழங்கால் போனபிறகு மனைவியின் ஊருக்கு வந்து உட்கார்ந்தவன். நீச்சல்கூடத் தெரியாது. அதற்காகத்தான் எனக்கு இந்த வேலை. "மக்காமே அண்ணனுக்கு வலை கிடையாது, படகு கிடையாது, ஈட்டி பிடிக்கத் தெரியாது. திருடணும்னு நெனச்சாலும் வழி தெரியாது," என்று குழுத் தலைவர் உஸ்ஸி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன் – அது பாராட்டா?

ஜூலை 7, ஞாயிறு

நேற்றைய குழிகளைக் கடல் அழித்துவிட்டது. இன்று புதுக் குழிகள்.

ஜூலை 9, செவ்வாய்

மீசேயிடம் கேட்டேன். என் மனைவி இந்த மணலிலேயே பிறந்து வளர்ந்தவள், தினமும் கடற்பாசி கட்டப் போகிறவள்.

"கொடிக்குள்ள யாரு தோண்டுறது?"

"எனக்கென்ன தெரியும்? காவக்காரர் நீங்க."

சொல்லிவிட்டுத் தேங்காய் துருவினாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, துருவுவதால் குலுங்குகிறதா – பின்னால் இருந்து பார்த்தால் தெரியவில்லை. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் தெரியவில்லை.

இன்று காலையில் பாசி வயல் பக்கம் போனபோதும் அப்படித்தான். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றில் பாசி கட்டிக்கொண்டிருந்தார்கள். "என்ன காவக்காரரே, திருடன் சிக்கினானா?" என்று ஒருத்தி கேட்டாள். "அவனுக்குக் கால் இருக்கான்னு மொதல்ல பாருங்க," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேனில் கற்ற பழக்கம். கூட்டம் சிரித்தால் கண்டக்டரும் சிரிக்க வேண்டும்.

கால் இருக்கிறதே. காலடிகளைப் பார்த்தேன். குழிகளுக்கு நடுவே வெறுங்கால் தடம், வடக்கு ஓரம் வரைக்கும் போகிறது. வடக்கு ஓரத்தில் இருப்பது ஒரே வீடு.

அதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

எழுதத்தான் வேண்டும். தொழுகை முடிந்து கூட்டம். என் வாயை நான் என்ன செய்ய?

உஸ்ஸி கேட்டார், "எவ்வளவு தோண்டியிருக்காங்க?"

"உழுது போட்ட வயல் மாதிரி கெடக்கு," என்றேன். அந்த உவமை எனக்கே பிடித்திருந்தது. இன்னொரு முறையும் சொன்னேன்.

"தடம்?"

"வடக்கால போவுது."

"வடக்கால யாரு வீடு?"

இதை அவருக்கு நானா சொல்ல வேண்டும்? ஊரில் பிறந்தவர் அவர். ஆனாலும் என் முகத்தையே பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். "ஸுஹூரா அக்கா வீடு," என்றேன்.

கொடிகளை எடுக்கும் திறப்பு நாளில் ஸுஹூரா அக்கா மணலில் இறங்கக்கூடாது, அவருக்குப் பங்கு கிடையாது என்று முடிவானது. எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில்.

ஸுஹூரா அக்கா யார் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் கூட்டத்தில் மறந்துவிட்டேன் போலிருக்கிறது. சிமாயின் அம்மா. பெருநாள் முடிந்த வாரம் நாலு பெரியவர்களை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, என் மகள் கசீஜாவைச் சிமாய்க்குக் கேட்டவர். என் மகள் சரி என்று சொல்லி, சிரிப்பை மறைக்க முக்காட்டை இழுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். தேதி மட்டும்தான் பாக்கி.

நேர்மையாக நடந்துகொண்டேன் என்று பெருமைப்பட வேண்டுமா, தலையில் அடித்துக்கொள்ள வேண்டுமா? இரண்டும் பாதிப் பாதியாக வருகிறது.

ஜூலை 13, சனி

கசீஜா என்னோடு பேசவில்லை. டீயை வைத்தாள். வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது.

மீசே மட்டும் பேசினாள். "மகளுக்கு மாப்பிள்ளை பாக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்ல. வந்த மாப்பிள்ளையை வெரட்டத் தெரிஞ்சிருக்கு."

"நான் பார்த்ததைத்தானே சொன்னேன்?"

"பார்த்தீங்களா? அவங்க தோண்டினதைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. குழியைப் பார்த்தேன், தடத்தைப் பார்த்தேன். நடுவில் இருந்ததை நானே நிரப்பிக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

சிமாய் வழியில் எதிர்ப்பட்டான். எப்போதும் "மாமா" என்று சைக்கிளை விட்டு இறங்குவான். இன்று இறங்கவில்லை. சலாம் மட்டும் சொன்னான், அதையும் கைப்பிடியிடம் சொன்னான்.

ஜூலை 17, புதன்

எதுவும் புரியவில்லை.

ஸுஹூரா அக்கா திங்கள்கிழமையே டவுனில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார், கோபத்தில். வேனில் ஏறியதை நானே பார்த்தேன். வற்றம் இப்போது அவ்வளவு இல்லை, கரையோர மணல் மட்டும் தெரிகிறது. அதிலும் குழி. அதே தட்டு அகலம், அதே வரப்பு. பக்கத்தில் காலடி ஒன்றுகூட இல்லை.

காலடி இல்லாமல் தோண்டுகிறவர் யார்? ஜின்னா? ஜின்னுக்கு மட்டி எதற்கு?

அப்படியானால் ஸுஹூரா அக்கா தோண்டவில்லையா? தடம் அவருடையது இல்லையா? தடம் அவருடையது, குழி வேறு யாருடையதோவா? நடுமணலில் நின்று இதையெல்லாம் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பாசி வயலிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

திருடனைப் பார்த்தேன்.

இத்தனை நாள் நான் என்ன செய்தேன்? கடல் வற்றும்போது போவேன், ஏற ஆரம்பித்ததும் ஓடி வந்துவிடுவேன். நீச்சல் தெரியாதவனின் காவல் அப்படித்தான் இருக்கும். வற்றத்தில் குழி இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியானால் ஆள் வருவது ஏற்றத்தில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம்.

பௌர்ணமி வற்றம். கடல் திரும்பியதும் நான் திரும்பவில்லை. தடியை ஊன்றிக் கொடிக்கு உள்ளே நின்றேன். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. கலிமா சொல்லிக்கொண்டேன்.

பார் இருக்கிற பக்கத்திலிருந்து வந்தார்கள். கூட்டமாக. மஞ்சள் கலந்த மண்நிறம், வட்டமான உடம்பு முழுக்க நீலப் பொட்டு – அந்த நீலத்தை நான் எந்தத் துணிக்கடையிலும் பார்த்ததில்லை – வாலில் இரண்டு நீலக் கோடு. புள்ளித் திருக்கை மீன். ஓரங்களை அலையலையாக ஆட்டிக்கொண்டு ஏற்றத்தோடு கூடவே, அவசரமே இல்லாமல், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் மாதிரி. ஒன்று எனக்கு முன்னால் நின்றது. மணலில் படுத்து அமுக்கியது. உடம்பை அடித்தது. மணல் புகை மாதிரி எழும்பியது. ஏதோ புழுவையோ நண்டையோ மென்றுவிட்டு நகர்ந்தது. அது படுத்த இடத்தில் ஒரு குழி. சோற்றுத் தட்டு அகலம்.

அடுத்தது என் வலதுகால் பக்கத்தில். அதற்கடுத்தது இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து போனது. வாலில் முள் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் அசையவில்லை. தண்ணீர் மட்டும் அசைந்தது. தொடைக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நின்றால் மூழ்குவேன், நடந்தால் குத்தும். கண்டக்டர் வாழ்க்கையில் இப்படி ஒரு நிறுத்தம் வந்ததே இல்லை.

பாசி வயலிலிருந்து பெண்கள் பார்த்துவிட்டார்கள். "அங்க என்ன பண்றீங்க?" என்று மீசே கத்தினாள். வாயைத் திறந்தாலும் குத்துமோ என்று ஒரு பயம்.

அப்போது அம்மாவோடு வந்திருந்த கசீஜாவின் குரல்.

"வாப்பா, காலைத் தூக்காதீங்க. தூக்கி வெச்சா அதும்மேல மிதிச்சிடுவீங்க. மணலோட தேய்ச்சுக்கிட்டே வாங்க. அதுங்களே வெலகிடும்."

ஒன்பது நாளைக்குப் பிறகு என் மகள் என்னோடு பேசிய முதல் பேச்சு. நான் காலைத் தேய்த்தேன். எதிரே அவளும் தேய்த்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். கரை வரைக்கும் விடவில்லை. கரைக்கு வந்ததும் விட்டுவிட்டு முக்காட்டைப் பிழிந்துகொண்டே போய்விட்டாள். முழுசாகச் சமாதானமில்லை என்று அர்த்தம்.

மீசேயைக் கேட்டேன், "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்தக் கரையில எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். வற்றத்துல பார் இடுக்குல போய்ப் படுத்துக்கும், ஏற்றத்துல மேய வரும்."

"ஏன் சொல்லல?"

"ஆம்பளைங்க கூட்டம் போட்டீங்க. எங்களைக் கூப்பிட்டா கேட்டீங்க?"

ஜூலை 22, திங்கள்

உஸ்ஸியிடம் போனேன். படகில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடுச்சு."

"யாரு?"

"திருக்கை."

வலையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க."

அவர் பாருக்கு அந்தப் பக்கம் ஆழத்தில் மீன் பிடிக்கிறவர். இந்த மணலில் அவர் நடந்து வருஷக்கணக்கில் இருக்கும். பெண்கள் போகிற இடம் என்று படகில் ஏறி இறங்குவதோடு சரி. நான் சொல்லச் சொல்லத்தான் மெல்ல நம்பினார். பிறகு சமையல்காரன் மாதிரி யோசித்தார் – எதைப் போட்டு எதை மறைக்கலாம் என்று. "அப்ப எல்லாக் குழியும் திருக்கைன்னு சொல்லிடுவோம். அந்தம்மா பங்கைத் திருப்பிக் குடுத்திடுவோம். உங்க மக கல்யாணமும் நடக்கும். விஷயம் முடிஞ்சது."

நல்ல வழிதான். பிறகு ஏன் வீட்டுக்கு வரும்போது அந்த வெறுங்கால் தடமே ஞாபகத்துக்கு வந்தது? திருக்கைக்குக் கால் கிடையாதே.

ஜூலை 24, புதன்

ஸுஹூரா அக்கா டவுனிலிருந்து வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். திருக்கை, ஏற்றம், நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. நின்றதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன், கழுத்தளவு என்றேன். "வெள்ளிக்கிழமை உங்க பேர்ல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லிடுவாங்க."

கத்தியை நிறுத்தினார். "நான் தோண்டலைன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

யாரும் சொல்லாமலே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தோண்டினேன். ரெண்டு மூணு தடவை. ஒரு சின்னச் சட்டி மட்டி. என் மாமியாரும் அங்கதான் தோண்டினாங்க, நானும் அங்கதான் தோண்டுறேன். நீங்க கூட்டத்துல என்ன சொன்னீங்க? உழுது போட்ட வயலாம். ஊரே சொல்லிக் காமிக்குது, ஸுஹூரா கலப்பை கட்டித் திருடினான்னு. எடுத்ததுக்கு அபராதம் போட்டா வாங்கிக்குவேன். எடுக்காததுக்கு எதுக்கு வாங்கணும்? இப்ப என்னடான்னா திருக்கையைக் காமிச்சு மன்னிச்சு விடுறாங்களாம். நான் என்ன, மீனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குற ஆளா?"

"அக்கா..."

"என் பையன் உங்க வீட்டுல பொண்ணு எடுத்தா, நாளைக்கு என் சட்டியில எத்தனை மட்டி வெந்ததுன்னும் கூட்டத்துல சொல்லுவீங்க."

எழுந்தேன். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து இன்னொன்று வந்தது.

"காலடி பாக்கத் தெரிஞ்ச காவக்காரரே, என் காலடிக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருந்துச்சே. உங்க பொண்டாட்டி கால் உங்களுக்குத் தெரியலையா?"

ஜூலை 24, இரவு

மீசேயிடம் கேட்டேன். "ஆமா," என்றாள். "போன மாசம் நீங்க மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, தேங்காய்ப்பால்ல மட்டி. சந்தையில வாங்கினேன்னா நெனச்சீங்க?"

அப்படியானால் நானும் தின்றிருக்கிறேன். காவல்காரன், காவல்காரனின் மனைவி, காவல்காரனின் வயிறு.

ஜூலை 25, வியாழன்

நாளைக்குக் கூட்டத்தில் என்ன சொல்வது?

எல்லாம் திருக்கை என்று சொன்னால் உஸ்ஸிக்கு நிம்மதி, என் வேலை நிலைக்கும், மீசே பெயர் வெளியே வராது. ஆனால் ஸுஹூரா அக்கா என்னை மதிக்கப்போவதில்லை, அந்த வீட்டில் கசீஜா எப்படி வாழ்வாள்? உள்ளதைச் சொன்னால் மீசேக்கும் அபராதம், என் வேலை போகும். அப்போதும் கல்யாணம் நடக்கும் என்று யார் சொன்னது? கசீஜாவைக் கேட்கலாம் என்று போனேன். தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்காமல் திரும்பிவிட்டேன். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

சொன்னேன்.

"நிறையக் குழி திருக்கையோடது. நான் ஏற்றத்துல நின்னு கண்ணால பாத்தேன். கொஞ்சம் குழி மனுசங்களோடது. ஸுஹூரா அக்கா ஒரு சட்டி எடுத்தாங்க. அதே மாதிரி என் பொண்டாட்டி மீசேயும் எடுத்தா. அதைச் சமைச்சு நான் தின்னேன், மூணு தடவை கேட்டு வாங்கி. உழுத வயல்னு சொன்னது என் வாய்க் கொழுப்பு. ஸுஹூரா அக்காவுக்குப் பங்கு இல்லைன்னா என் வீட்டுக்கும் இல்லை."

உஸ்ஸி தாடியைத் தடவினார். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறைய பேர். நான் இந்த முறை சிரிக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், சன்னல் ஓரம் முக்காடு முக்காடாக நிற்கிறது. மீசே, ஸுஹூரா அக்கா, பாசி வயல் பெண்கள் அத்தனை பேரும். யார் கூட்டி வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"உஸ்ஸி தம்பி," ஸுஹூரா அக்கா சன்னல் வழியாகவே கேட்டார், "பேய்க்கணவாய் எங்க இருக்கும்?"

"பார் பொந்துல."

"மட்டி?"

"மணல்ல."

"கணவாயைக் காக்க எதுக்கு மணலை அடைச்சீங்க? கொடி நடும்போது எங்கள்ல யாரையாவது கூட்டிட்டுப் போனீங்களா?"

உஸ்ஸி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அப்படியே பார்வை வரிசையாக வந்து கடைசியில் என்னிடம் நின்றது. நானா கொடி நட்டேன்? தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன் நான்.

அஸர் தொழுகை வரை பேசினார்கள். மட்டி மணலைத் தவிர்த்து, கொடிகளைப் பாருக்குப் பக்கமாகத் தள்ளி நடுவது. பழைய தண்டனை எதுவும் செல்லாது. காவல்காரன் வேலையை யாரும் பறிக்கவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

கல்யாணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சிமாய் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கசீஜா பேசுகிறாள், "உப்பு போதுமா வாப்பா" அளவில்.

செய்தது சரிதானா? சரி என்றால் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒன்றுமில்லை. குழிகள் மட்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நல்ல வற்றம். கொடிகளை மாற்றி நடும் நாள்.

கம்புகளைத் தூக்க உஸ்ஸி யாரை அனுப்புவார் என்று காத்திருந்தேன். வந்தது சிமாய். சலாம் சொன்னான், இந்த முறை என் முகத்தைப் பார்த்து. கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். நான் மண்வெட்டியோடு பின்னால். எங்களுக்கும் பின்னால், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸுஹூரா அக்கா, இடத்தைக் காட்ட.

வழியெல்லாம் திருக்கைக் குழிகள். நடுநடுவே சில குழிகளின் ஓரத்தில் முழங்கால் ஊன்றிய அச்சு. இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

குழு சொன்ன இடத்துக்கு வந்து மண்வெட்டியை ஊன்றினேன். ஸுஹூரா அக்கா மணலைக் கால் விரலால் கிளறிப் பார்த்தார். ஒரு மட்டி வெளியே வந்தது. குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மணலில் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் பார் பக்கம் தள்ளி நடுங்க," என்றார்.

"குழு இங்கதானேக்கா சொல்லுச்சு?"

"ஊரு முழுக்கச் சாப்பிட வருமே கல்யாணத்துக்கு. இந்தத் துண்டுல இருக்கற மட்டி பத்துமா?"

நான் சிமாயைப் பார்த்தேன். அவன் கம்பைத் தோள் மாற்றிக்கொண்டு கடலைப் பார்த்தான். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

தள்ளி நட்டேன். எவ்வளவு தள்ளி என்பதை இங்கே எழுதப்போவதில்லை.